கார் ஏசியில் வாயுக் கசிவு: நிரப்புவதற்கு முன் கண்டறிவோம்

கோடை தொடங்கியதும் கார் பணிமனைகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை: "ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும்." நாமும் தொகையைச் செலுத்திவிட்டு வருகிறோம். நான்கைந்து மாதங்கள் குளிர்ச்சி நன்றாக இருக்கிறது. பிறகு அதே குறை, அதே பதில், அதே செலவு.

இந்தச் சொற்களில் ஓர் அடிப்படைப் பிழை உள்ளது. பெட்ரோல் எரிந்து தீர்கிறது. ஏசியில் உள்ள குளிர்பதன வாயுவோ எரிவதில்லை, செலவாவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே வாயு திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. ரப்பர் குழாய்களின் வழியாகவும் அடைப்பான்களின் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் வெளியேறுவது இயல்பு. ஆனால், ஓராண்டுக்குள் குளிர்ச்சி குன்றும் அளவுக்கு வாயு குறைந்திருந்தால் அது தீரவில்லை. எங்கோ ஓரிடத்தில் கசிந்திருக்கிறது.

வங்கிக் கணக்கை எண்ணிப் பார்ப்போம். யாரும் பணம் எடுக்காத கணக்கில் இருப்பு குறைந்திருந்தால், குறைந்த தொகையை மீண்டும் செலுத்திவிட்டு நாம் அமைதியாக இருப்போமா? பணம் எங்கே, எப்போது, எந்த வழியாகப் போயிற்று என்று கேட்போம். அந்த வழியை அடைத்த பின்னரே அடுத்த ரூபாயைச் செலுத்துவோம். ஏசிக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். முதலில் கசிவைக் கண்டறிய வேண்டும். அடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும். வாயுவை நிரப்புவது இறுதியாகச் செய்ய வேண்டிய பணி.

மலைச்சாலையில் ஏசி ஏன் தேவை?

ஏசி வசதிக்கான பொருள்தானே, சற்றுக் குளிர்ச்சி குறைந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காட்டுக்கு ஏறும் சாலையை எடுத்துக்கொள்வோம். அகத்தியர்கூடம் செல்லும் மலையேற்றம் தொடங்கும் இடம் அது. தேயிலைத் தோட்டத்திற்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர். விதுராவைக் கடந்ததும் சாலை குறுகிக் காட்டுக்குள் நுழைகிறது. வளைவுகள் மிகுதி, மேடுபள்ளங்களும் மிகுதி. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிடும்.

அத்தகைய நேரத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நான்கைந்து பேர் காருக்குள் அமர்ந்திருந்தால், மூச்சுக்காற்றின் ஈரம் முன்கண்ணாடியின் உட்புறம் படிந்து பார்வையை மறைக்கிறது. துணியால் துடைத்தால் மறுநிமிடமே மீண்டும் படியும். ஏசி இயங்கும்போது உள்காற்றின் ஈரம் குளிர்ந்த எவாப்பரேட்டரின் மேல் நீராகப் படிந்து, வண்டியின் அடிப்புறக் குழாய் வழியாக வெளியே சொட்டிவிடுகிறது. உலர்ந்த காற்று கண்ணாடியின் மேல் வீசும்போது பார்வை தெளிகிறது. ஆகவே, வாயு கசிந்துபோன ஏசி சமவெளியில் வெறும் வியர்வைத் தொல்லை; மலை வளைவில் அது பாதுகாப்புக் குறை.

மலைவாழ்வோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே இயல்பாகவே குளிர்ச்சி நிலவுவதால் ஏசியைப் பல வாரங்கள் இயக்காமலே இருந்துவிடுவோம். கம்ப்ரசரின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள அடைப்பான், வாயுவோடு சேர்ந்து சுற்றிவரும் எண்ணெயால்தான் ஈரமாக இருக்கிறது. நெடுநாள் இயக்காவிட்டால் அது உலர்ந்து கசியத் தொடங்கலாம். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை இயக்குவது நல்லது.

ஏசி இயங்கும் விதம்

கசிவைத் தேடுவதற்கு வாயு செல்லும் வழி தெரிந்திருக்க வேண்டும். என்ஜினோடு இணைந்த கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது. அழுத்தப்பட்டுச் சூடேறிய வாயு, காரின் முன்பகுதியில் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது. ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாக அழுத்தம் குறைந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரை அடைகிறது. அங்கே மீண்டும் ஆவியாகும்போது உள்காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு கம்ப்ரசருக்கே திரும்புகிறது.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கம்ப்ரசருக்கு உயவளிக்கும் எண்ணெயும் வாயுவோடு கலந்தே சுற்றுகிறது. வாயு கசியும் இடத்தில் எண்ணெயும் சிறிது வெளியேறும். இது நமக்குத் தடயமும் ஆகிறது, இழப்பும் ஆகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் கசிவின் இடத்தைக் காட்டும். ஆனால், ஒவ்வொரு முறையும் எண்ணெயைக் கணக்கிடாமல் வாயுவை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால், ஒருநாள் கம்ப்ரசர் உயவின்றித் தேய்ந்து இறுகிவிடும்.

வாயுவும் அதன் வரலாறும்

பழைய கார்களில் ஆர்-12 என்னும் வாயு பயன்பட்டது. அது குளோரின் கலந்தது. வளிமண்டலத்தின் ஓசோன் படலத்தை இவ்வகை வாயுக்கள் அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் அறிவியலாளர்கள் 1974இல் எடுத்துரைத்தனர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. தமிழ்நாட்டின் மேட்டூர் உட்பட நாட்டின் சில ஆலைகளில் நடந்துவந்த இவ்வகை வாயு உற்பத்தி, மருத்துவத் தேவை போன்ற விலக்குகள் தவிர, 2008இல் நிறுத்தப்பட்டது.

அதன் இடத்தைப் பிடித்த ஆர்-134ஏ ஓசோனை அரிப்பதில்லை. ஆனால், புவியைச் சூடேற்றும் ஆற்றலில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,430 மடங்கு. ஒரு காரிலிருந்து 500 கிராம் கசிந்தால் அது 715 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். எனவே, ஒருமுறை முழுவதும் கசிந்துபோன வாயு, சுமார் 310 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஒப்பாகும். இதனால்தான் 2016இல் கிகாலி நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உலக நாடுகள் இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க இசைந்தன. இந்தியா 2021இல் இதனை ஏற்றது. 2047ஆம் ஆண்டுக்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும்.

உங்கள் காரில் எந்த வாயு, எத்தனை கிராம் என்பது பானெட்டின் அடிப்புறத்திலோ அருகிலோ ஒட்டியுள்ள சிறு வில்லையில் அச்சாகியிருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணிமனையில் பேசுவதற்கு அதுவே முதல் ஆவணம்.

முதலில், இது கசிவுதானா?

குளிர்ச்சி குறைந்தாலே கசிவு என்று முடிவுகட்டக் கூடாது. உட்காற்று வடிகட்டி தூசியால் அடைந்திருக்கலாம். கண்டென்சரின் விசிறி சுழலாமல் இருக்கலாம். கண்டென்சரின் இதழ்களில் சேறும் சருகும் படிந்திருக்கலாம். கம்ப்ரசரின் கிளட்ச்சோ ரிலேயோ பழுதாகியிருக்கலாம். இவற்றைப் பார்த்துவிட்டு அழுத்தமானியை இணைக்க வேண்டும்.

என்ஜினை நிறுத்தி, வண்டி வெளிவெப்பநிலைக்கு வந்த பின் அழுத்தத்தைப் பார்த்தால், ஆர்-134ஏ உள்ள காரில் 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 82 பிஎஸ்ஐ, 30 பாகையில் 97 பிஎஸ்ஐ, 35 பாகையில் 114 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இதைவிட மிகவும் குறைவு என்றால் உள்ளே நீர்ம நிலையில் வாயுவே இல்லை, பெரும்பகுதி போய்விட்டது. அதேநேரம், சரியான அழுத்தம் இருப்பதாலேயே வாயுவின் அளவு சரி என்று பொருளாகாது. சிறிதளவு நீர்மம் எஞ்சியிருந்தாலும், முழு அளவு இருந்தாலும் நின்ற நிலையின் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும். உண்மையான இருப்பை அறிய ஒரே வழி எடை. இயந்திரத்தின் மூலம் வாயுவை வெளியே எடுத்து, எடைபோட்டு, வில்லையில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். வில்லையில் 500 கிராம்; வெளியே வந்தது 320 கிராம். பற்றாக்குறை 180 கிராம். இதுவே இருப்புச் சரிபார்ப்பு.

கசிவு எங்கே நேரும்?

கண்டென்சர்: காரின் முகத்திலேயே இருப்பதால் சாலையில் தெறிக்கும் கற்கள் முதலில் தாக்குவது இதைத்தான். போனக்காடு போன்ற சிதைந்த சாலைகளில் இந்த இடர் மிகுதி.

குழாய் இணைப்புகளும் ஓ-ரிங்குகளும்: அதிர்வினால் இணைப்புகள் தளரும். ரப்பர் வளையங்கள் நாள்பட இறுகி வெடிக்கும். உலோகமும் ரப்பரும் சேரும் இடத்தில் கசிவு தொடங்கும்.

கம்ப்ரசர்: முன்புறச் சுழல்தண்டின் அடைப்பானும் உடற்பகுதிகள் இணையும் விளிம்பும்.

சர்வீஸ் போர்ட்: வாயு நிரப்பும் வாய். அதன் உள்ளே உள்ள சிறு வால்வு அழுக்கினால் முழுமையாக மூடாமல் இருக்கலாம். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியும் கசிவைத் தடுப்பதில் பங்கு வகிக்கிறது. பலர் அதைத் தொலைத்துவிடுகின்றனர்.

எவாப்பரேட்டர்: டாஷ்போர்டுக்குள் மறைந்திருப்பது. ஈரமும் சருகுத் துகளும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். மரங்களின் கீழ் வண்டியை நிறுத்துவோர் முன்கண்ணாடியின் அடியில் சேரும் இலைகளை அவ்வப்போது அகற்ற வேண்டும்.

கண்டறியும் ஐந்து முறைகள்

1. கண்ணால் பார்த்தல்: நல்ல வெளிச்சத்தில் குழாய் முழுவதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் அதில் தூசியும் ஒட்டிய இடம் ஐயத்திற்குரியது. செலவில்லாத முதற்படி இது.

2. சோப்பு நுரை: ஐயமுள்ள இணைப்பில் சோப்புக் கரைசலைத் தடவினால் குமிழி எழும். பெரிய கசிவுக்கு ஏற்றது. மிக நுண்ணிய கசிவையும் எவாப்பரேட்டர் கசிவையும் இது காட்டாது.

3. ஒளிரும் சாயம்: எண்ணெயோடு கலக்கும் சாயத்தைச் செலுத்தி, சில நாள் ஏசியை இயக்கிய பின், புறஊதா விளக்கின் ஒளியில் பார்த்தால் கசிந்த இடம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். எவாப்பரேட்டர் கசிவாயின் வெளியே சொட்டும் நீரிலேயே சாயத்தைக் காண முடியும். நிதானமாகக் கசியும் வண்டிக்கு இது சிறந்த முறை. சாயத்தைச் செலுத்திய அன்றே முடிவு கேட்பது முறையன்று.

4. மின்னணுக் கருவி: வாயுவை மோப்பம் பிடித்து ஒலி எழுப்பும் கருவி. தரமானவை ஆண்டுக்கு 4 கிராம் அளவிலான கசிவையும் உணரும். ஆனால், பயன்படுத்தும் முறை முக்கியம். என்ஜின் நின்றிருக்க வேண்டும். காற்று வீசக் கூடாது. உள்ளே குறைந்தது 50 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்க வேண்டும். ஆர்-134ஏ ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு கனமானது, கீழ்நோக்கி வழியும். ஆகவே, கருவியின் முனையைக் குழாயின் அடிப்புறமாக, மிக நெருக்கமாக, மெதுவாக நகர்த்த வேண்டும். எவாப்பரேட்டரைச் சோதிக்க, காற்றாடியைச் சற்று நேரம் இயக்கி நிறுத்தி, சில நிமிடம் காத்திருந்து, நீர் வடியும் துளையருகே முனையை வைக்க வேண்டும். கைவீச்சாக இரண்டு நிமிடம் காட்டிவிட்டு "கசிவு இல்லை" என்பது சோதனை ஆகாது.

5. நைட்ரஜன் அழுத்தச் சோதனை: வாயு முழுவதும் போய்விட்ட வண்டியில் உலர்ந்த நைட்ரஜனை, வாகன நிறுவனம் குறிப்பிடும் அழுத்தத்திற்குள் செலுத்தி, மானியைக் கவனிக்க வேண்டும். இங்கே வெப்பநிலையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஏமாந்துபோவோம். 30 பாகையில் 150 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, இரவில் 20 பாகைக்குக் குளிர்ந்தால், கசிவே இல்லாமலும் மானி ஏறத்தாழ 145 பிஎஸ்ஐ காட்டும். ஆகவே, இரு வேளைகளிலும் வெப்பநிலையைச் சேர்த்தே குறித்துவைக்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனையோ டயருக்கு அடிக்கும் காற்றையோ செலுத்தவே கூடாது. உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும் ஆபத்து உண்டு.

இவற்றோடு, வாயு நிரப்புமுன் வேக்கம் பம்ப்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பர். அந்த வெற்றிடம் நிலைத்து நின்றதைக் காட்டி "கசிவு இல்லை" என்று சொல்வது வழக்கம். இதை முழுச் சான்றாக ஏற்க இயலாது. வெற்றிடத்தின்போது வெளிக்காற்று உள்நோக்கி அழுத்துவது ஏறத்தாழ 15 பிஎஸ்ஐ மட்டுமே. ஏசி இயங்கும்போது கண்டென்சர் பக்கம் 200 பிஎஸ்ஐ அளவில் வெளிநோக்கி அழுத்துகிறது. முன்னதில் மூடிக்கொள்ளும் வெடிப்பு பின்னதில் திறந்துகொள்ளலாம்.

செலவுக் கணக்கு

விளக்கத்திற்காகச் சில தொகைகளைக் கொள்வோம். இவை விலைப்பட்டியல் அல்ல. வாகனக் கடனில் கார் வாங்கி, போனக்காட்டுக்கும் நெடுமங்காட்டுக்கும் இடையே வாடகைக்கு ஓட்டும் ஒருவர், நான்கு மாதத்திற்கு ஒருமுறை ரூ.2,000 கொடுத்து வாயு நிரப்புகிறார். ஆண்டுக்கு ரூ.6,000, இரண்டு ஆண்டுகளில் ரூ.12,000. மாறாக, முதல் முறையே சோதனைக்கு ரூ.800, ஓ-ரிங்குகளுக்கும் வேலைக்கூலிக்கும் ரூ.1,500, வாயுவுக்கு ரூ.2,000 செலவிட்டால் மொத்தம் ரூ.4,300. முதல் நாளில் இது இரு மடங்குக்கு மேல்; முதலாண்டு முடிவிலேயே ரூ.1,700 மிச்சம்.

இந்தக் கணக்கில் வராத செலவே பெரியது. எண்ணெய் குறைந்து கம்ப்ரசர் இறுகினால் அதன் விலை வாயுவின் விலையைப் போல் பல மடங்கு. உலோகத் துகள்கள் குழாய்களில் பரவினால் கண்டென்சரையும் டிரையரையும் மாற்ற நேரும். வண்டி பணிமனையில் நிற்கும் நாட்களில் வாடகை வராது. கடன் தவணைத் தேதி மட்டும் மாறாது. ஆகவே, வாடகை வண்டி வைத்திருப்போர் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கெனத் தனித் தொடர்வைப்பில் ஒதுக்கிவைப்பது நலம்.

காப்பீடு உதவுமா?

வாகனக் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரப் பழுதும் பொதுவாக அடங்குவதில்லை. எனவே, உலர்ந்த ஓ-ரிங்கிற்கோ தேய்ந்த அடைப்பானுக்கோ இழப்பீடு கோர இயலாது. விபத்தில் மோதிக் கண்டென்சர் உடைந்தால், சொந்தச் சேதத்திற்கான காப்பீடு இருக்குமாயின் கோரலாம். ஆனால், பழுதுபார்க்கும் முன்பே நிறுவனத்திற்குத் தெரிவித்து, மதிப்பீட்டாளர் பார்க்க வகைசெய்ய வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் கார்களில் 1,500 சிசி வரை ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000 கட்டாயக் கழிவாக நம் பொறுப்பில் வரும். கோரிக்கை வைத்தால், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான தள்ளுபடியையும் இழப்போம். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

எச்சரிக்கைகள்

வாயுவை வீட்டில் திறந்துவிட முயலாதீர்கள். வெளியேறும் நீர்மம் தோலையும் கண்ணையும் உறையவைக்கும். நெருப்பில் பட்டால் நச்சு வாயுவாகச் சிதையும். கசிவை அடைப்பதாகக் கூறி விற்கப்படும் திரவங்களைத் தவிருங்கள். அவை வால்வையும் பணிமனை இயந்திரத்தையும் அடைத்துவிடக் கூடும். மலிவு விலைக்காகச் சமையல் எரிவாயுவையோ பெயர் தெரியாத உருளை வாயுவையோ ஏற்காதீர்கள். 2011இல் போலி வாயு நிரப்பப்பட்ட குளிர்ச்சரக்குப் பெட்டகங்கள் சில துறைமுகங்களில் வெடித்து உயிரிழப்பு நேர்ந்தது. அலுமினியத்தோடு வினைபுரியும் வேற்று வாயு ஒன்று அதில் கலந்திருந்ததே காரணம்.

பணிமனையில் கேட்க வேண்டியவை

வண்டியை விடும்போதும் எடுக்கும்போதும் பின்வருவனவற்றைக் கேட்டு, பட்டியலில் எழுதி வாங்குங்கள்.

• எத்தனை கிராம் வாயு வெளியே எடுக்கப்பட்டது?
• கசிவு எந்த இடத்தில், எந்தச் சோதனையால் கண்டறியப்பட்டது?
• எந்த உதிரிப்பாகம் மாற்றப்பட்டது? அதற்கு எத்தனை மாத உத்தரவாதம்?
• எத்தனை கிராம் வாயுவும் எத்தனை மில்லி எண்ணெயும் சேர்க்கப்பட்டன?
• சரிசெய்த பின் அதே இடம் மீண்டும் சோதிக்கப்பட்டதா?

தேதியும் கிலோமீட்டர் அளவும் குறித்த இப்பட்டியலை, கடன் ஆவணங்களோடும் காப்பீட்டுப் பத்திரத்தோடும் ஒரே உறையில் வையுங்கள். அடுத்த கோடையில் குளிர்ச்சி குறைந்தால், எத்தனை மாதத்தில் எத்தனை கிராம் போயிற்று என்பதைக் கழித்துப் பார்த்தே கூறிவிடலாம். பழைய கார் வாங்குவோரும், விற்பவரிடம் இத்தகைய பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். "போன மாதம்தான் கேஸ் நிரப்பினேன்" என்று அவர் சொல்வாராயின், விலை பேசுவதற்கு முன் கசிவுச் சோதனை ஒன்றைக் கோருங்கள்.